முப்பத்து நான்கு வீட்டுக் கேள்விக்காரி

கேள்விக்காரிக்கு அந்தப் பெயர் உத்தியோகத்தால் வந்தது என்று நினைக்கிறவர்களுக்கு அவளைச் சரியாகத் தெரியாது. வீட்டு வசதி அலுவலகத்தின் படிவங்களைக் கையில் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே, ஆறு வயதில், சித்தியைப் பார்த்து "இந்த வீட்ல என் இடம் எது?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கியவள் அவள். வாங்கியதும் அழாமல், "அடிச்சது சரி, இடம் எதுன்னு சொல்லலையே" என்று மறுபடியும் கேட்டாளாம். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சித்தி இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பதிலை மட்டும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

சித்தி கொடுமைக்காரி இல்லை. செத்துப்போன அக்காவின் பெண்ணைத் தன் மூன்று பிள்ளைகளோடு நான்காவதாகச் சேர்த்துக்கொண்டு, சாப்பாட்டில் வஞ்சனை பார்க்காமல் வளர்த்தவள். இடத்துக்கு அவள்தான் எங்கே போவாள்? இருந்தது ஒரு அறை, ஒரு அடுப்படி. தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக் கிடந்த இடம் இவளுடையது என்று ஆயிற்று. மெஷின் ஓடுகிற நேரத்தில் அதுவும் கிடையாது. சித்தப்பாவைப் பார்க்க யாராவது வந்துவிட்டால் "உள்ள போ" என்பார்கள். அந்த வீட்டில் 'உள்ளே' என்று ஒன்று இருந்தால்தானே போவதற்கு? இவள் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். அதுதான் உள்ளே.

பிறகு பத்தாவது முடித்தாள், ஜெராக்ஸ் கடையில் நின்றாள், ஒரு வேன் டிரைவரைக் கட்டிக்கொண்டாள். ஒருநாள் வேனை எடுத்துக்கொண்டு போன மனிதர், வேனை மட்டும் முதலாளிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஊரில் வேறு குடும்பமாகிவிட்டார். நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டு வசதி அலுவலகத்தில் கணக்கெடுப்பு வேலைக்கு வந்து சேர்ந்தாள். பதினொரு வருடம் ஓடிவிட்டது. ஒரு துணிப்பை, ஒரு எழுதும் அட்டை, நூலில் கட்டிய பேனா. குழாயில் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, கூரை ஒழுகுகிறதா, படிக்கட்டில் விளக்கு உண்டா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது வேலை. குடியிருப்புப் பிள்ளைகள் அவளைக் கேள்வி அத்தை என்பார்கள். பெரியவர்கள் முகத்துக்கு முன்னால் "வாங்கம்மா" என்றும், முதுகுக்குப் பின்னால் கேள்விக்காரி என்றும் சொல்வார்கள். இரண்டும் அவள் காதில் விழும். அவள் எதையும் பொருட்படுத்துகிற ஆள் இல்லை.

இந்த வருடம் கணக்கெடுப்பு அவள் குடியிருக்கிற கட்டடத்துக்கே வந்தது. மூன்று மாடி, முப்பத்து நான்கு வீடு, சுவரைத் தட்டினால் மண் உதிரும். இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டப்போகிறார்கள். வரைபடம் இரண்டு தயாராக இருந்தது. 'அ' வரைபடத்தில் பெரிய ஹால், ஒரே ஒரு படுக்கையறை. 'ஆ' வரைபடத்தில் அதே பரப்பளவுதான், ஆனால் ஹால் சின்னது; மிச்சத்தில் சின்னதாக இரண்டு அறை, இரண்டுக்கும் கதவு. எது வேண்டும் என்று குடும்பத் தலைவரைக் கேட்க வேண்டும். பாதிக்கு மேல் எதைச் சொல்கிறார்களோ அது. இதோடு சேர்த்து இருபத்திரண்டு கேள்வி, நான்கு பக்கப் படிவம். கடைசிப் பக்கத்தின் அடியில் 'பதிலளித்தவர்' என்று ஒரு கட்டம்.

அந்தக் கட்டத்தைப் பற்றித் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். கணக்கெடுக்கப் போவது மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து மணிவரை. அந்த நேரத்தில் எந்த வீட்டில் குடும்பத் தலைவர் உட்கார்ந்திருக்கிறார்? கதவைத் திறக்கிறவரைக் கேட்டு எழுதிக்கொண்டு, கட்டத்தில் 'தலைவர்' என்று போட்டுவிட வேண்டியது. அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரர் பூட்டிய வீடுகளிலிருந்துகூடப் பதில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அவ்வளவு கைதேர்ந்தவர்.

கேள்விக்காரி போன வீடுகளில் கதவைத் திறந்தது முழுக்கப் பிள்ளைகள், முக்கால்வாசி பள்ளிக்கூடம் விட்டு வந்தவர்கள். அவர்களைக் கேட்டாள். அவர்கள் சொன்னதை எழுதினாள். கட்டத்தில், பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, உள்ளதை உள்ளபடி போட்டாள். 'மகள், வயது 9.' 'மகன், வயது 12.' ஏன் அப்படிப் போட்டாள் என்றால், முதல் வீட்டிலேயே கேள்வி ஏழுக்கு வந்த பதில் அப்படி. வீட்டில் உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது?

"பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல" என்றாள் ஒன்பது வயதுக்காரி. "அங்க நான் மட்டும்தான் போக முடியும். போன வருஷம் ஈஸியா போனேன். இப்ப மூச்சை இழுத்துப் பிடிச்சாத்தான் போக முடியுது."

"அடுத்த வருஷம்?"

"அதான் அத்தை யோசிச்சிட்டு இருக்கேன்."

இதற்குக் கீழே 'தலைவர்' என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு வந்து கொட்டியது. ஆறு வயதுப் பொடியனுக்கு ஜன்னல்தான் பிடிக்குமாம், அதில் பார்த்தால் பஸ்ஸிலிருந்து அம்மா இறங்குவது தெரியும். மெக்கானிக் கடையில் வேலை பழகுகிற பதினேழு வயதுக்காரன் மாடிப்படியைச் சொன்னான், போனில் பேச வேறு இடமில்லை, அங்கேயும் எதிர்வீட்டு மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்து "யாருப்பா?" என்று கேட்கிறாராம். பேக்கரிக்காரரின் மகள், பதினான்கு வயது, ஹாலில் கிடந்த சோபாவைக் காட்டினாள். "அது விருந்தாளிக்கு. பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்கலை. நான் உக்காந்தா சத்தம் வரும், அப்பா திரும்பிப் பாப்பாரு. அ வேணாம் அத்தை. ஆ போடுங்க. சோபா வைக்கவே இடமில்லாத வீடு வேணும்."

கண்டக்டர் வீட்டுப் பையன், பன்னிரண்டு வயது, முதலில் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"

"ஆபீசுக்குப் போறது இது. உங்கப்பாகிட்ட நான் ஏன் காட்டப்போறேன்?"

"பாத்ரூம். அங்க மட்டும்தான் தாழ்ப்பாள் இருக்கு. கணக்குப் பரீட்சைக்கு அங்கதான் படிச்சேன். எண்பத்தி ரெண்டு எடுத்தேன்."

முப்பத்து மூன்று வீடு முடித்தாள். முப்பத்து மூன்றிலும் பதில் ஆ. முப்பத்து நான்காவது வீடு அவளுடையது. தன் வீட்டை யார் போய்க் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று அந்தப் படிவத்தைப் பையிலேயே வைத்துவிட்டாள்.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான், காகிதம் காகிதமாக இருக்கிறவரைக்கும். கேள்விக்காரியின் படிவக் கட்டைப் புரட்டப் புரட்ட அவர் முகம் கோணிக்கொண்டே போனது.

"என்னம்மா இது? கணக்கெடுப்பா, கதைப் புஸ்தகமா?"

"அவங்க சொன்னது சார்."

"யாரு சொன்னது? ஒம்பது வயசு, ஆறு வயசு! எல்லாரும் எழுதற மாதிரி 'தலைவர்'னு மாத்திட்டுக் குடுங்க. ஒரு வார்த்தை. அரை மணி நேர வேலை."

"மாத்தலாம் சார். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதுதான் எனக்குப் பிடிக்கும்னு நாப்பத்தஞ்சு வயசு ஆள் சொன்னதா இருக்கும். பரவாயில்லையா?"

பக்கத்து மேசைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. "அப்ப அதையும் மாத்துங்க. பிடிச்ச இடம் ஹால். வரைபடம் அ. எல்லாக் கட்டடத்துலயும் அதான் வந்திருக்கு."

"எல்லாக் கட்டடத்துலயும் அதான் எழுதியிருக்காங்கன்னு சொல்லுங்க."

இப்படி வாயைக் கொடுத்துத்தான் அவள் பதினொரு வருடமாக ஒப்பந்தப் பணியாளராகவே இருக்கிறாள். கூட வந்தவர்கள் எல்லாம் நிரந்தரமாகிவிட்டார்கள். மேற்பார்வையாளர் படிவங்களைத் தட்டி அடுக்கி அவள் பக்கம் தள்ளினார். "குடும்பத் தலைவர் சம்மதிக்காம ஒரு படிவமும் செல்லாது. ஞாயித்துக்கிழமை காலைல உங்க கட்டடத்துல கூட்டம். இன்ஜினியர் வர்றார். அன்னைக்கு ஒழுங்கான படிவம் என் கைக்கு வரணும். வரலேன்னா வேற ஆளை அனுப்பி எடுத்துக்கறேன். உங்களையும் அப்புறம் வரச்சொல்ல மாட்டேன்."

"தலைவர் கையெழுத்துப் போட்டா இதே படிவம் செல்லுமா?"

சட்டம் அவர் பக்கம் இல்லை. "செல்லும். எந்த அப்பன் போடுவான்?"

"அதை நான் பாத்துக்கறேன்" என்று எழுந்துவிட்டாள். கண்டக்டர் பையனுக்குக் கொடுத்த வாக்கு அந்த நிமிஷத்தில் அவள் நினைப்பிலேயே இல்லை. ஜெயிக்க வேண்டும் என்கிற வேகம் வந்துவிட்டால் அவளுக்குக் கண்மண் தெரியாது.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். பேக்கரிக்காரர் படிவத்தை வாங்கிப் படித்தார். மூக்கு விடைத்தது. "என் வீட்டைப் பத்தி என் பொண்ணு வெளியாள்கிட்ட இப்படியா சொன்னா? என்ன குறை வச்சேன் இவளுக்கு? நாலு பேர் வந்தா உக்கார வைக்க இடம் வேணாமா?"

"போன மாசம் எத்தனை பேர் வந்தாங்க?"

"அது... யாரும் வரலை. வந்தா?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மகளுக்கு வசவு விழுவது படிக்கட்டு வரைக்கும் கேட்டது. அடுத்தது கண்டக்டர் வீடு. அவர் கோபக்காரர் இல்லை, சிரிப்புக்காரர்; அது அதைவிட மோசம். பஸ்ஸில் ஸ்டாப்பிங் பெயர் கூவுகிற குரலில் மகன் சொன்னதை வீடே கேட்கப் படித்துக் காட்டிவிட்டு, "படிக்கற இடமாடா அது?" என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். அதற்கப்புறம் இரண்டு நாள் அந்த வீட்டில் யார் குளிக்கப் போனாலும் உள்ளே ஆளிருக்கிறது என்று தெரிவதற்காகப் பாடிக்கொண்டே குளித்தார்கள். குடியிருப்பு முழுக்கச் சிரித்தது. பையன் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவளை வழிமறித்து நின்றான்.

"காட்ட மாட்டேன்னு சொன்னீங்க."

"கட்டடத்துக்காகத்தான்டா..."

"காட்ட மாட்டேன்னு சொன்னீங்க" என்று அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து பையை வைத்தபோது மகள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றிருந்தாள். பதினைந்து வயது. பேச்சில் அம்மாவை அப்படியே உரித்து வைத்த மாதிரி. அதனாலேயே இரண்டு பேருக்கும் பேச்சு குறைவு.

"எல்லார் வீட்டுப் பிள்ளைங்களையும் கேட்ட. இந்த வீட்லயும் ஒண்ணு இருக்கு. அதைக் கேட்டியா?"

"உன்னை என்னடி கேக்கறது? எனக்குத் தெரியாதா?"

"அவங்கவங்க அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க."

கேள்விக்காரி மூலையிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள். மகள் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நானே எழுதறேன். நீ கேட்டா நீ கேக்க விரும்பறதைத்தான் எழுதுவ." தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நான்கு பக்கமும் எழுதினாள். எழுதி முடித்துக் கொடுத்துவிட்டு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

முதல் பக்கம் முடிவதற்குள் கேள்விக்காரிக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டாவது பக்கத்தில் படிவத்தைத் தரையில் போட்டாள். "என்ன குறை வச்சேன்டி உனக்கு? ஒத்தை ஆளா நின்னு, ஓடி ஓடி..."

சொன்ன வாய் பாதியில் நின்றது. என்ன குறை வச்சேன். நேற்று பேக்கரிக்காரர் வீட்டு வாசலில் கேட்ட அதே வார்த்தை, அதே ராகம். அந்த ஆளை மனசுக்குள் எப்படியெல்லாம் திட்டிக்கொண்டு படி இறங்கினாள்! தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, படிவத்தை எடுத்து மீதியையும் படித்தாள். படித்து முடித்து, ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து மகளுக்கு முன்னால் வைத்தாள். அது மகளுடைய பெட்டிச் சாவி, ரகசியமாகச் செய்து வைத்துக்கொண்டது.

"எத்தனை தடவை திறந்த?"

"எண்ணலை. நிறைய."

"என்ன கிடைச்சுது?"

"ஒண்ணுமில்லை. பழைய நோட்டு, ரெண்டு ஹேர் கிளிப்."

"ஏமாத்தமா இருந்திருக்குமே" என்றாள் மகள். சாவியை எடுத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. கேள்விக்காரியும் கேட்கவில்லை, ஆனால் வெட்கமாக இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

"இதைக் கூட்டத்துல படிக்கட்டுமா? வேணாம்னா சொல்லிடு. இது இங்கயே இருக்கும்."

"படி. ஆனா மத்தவங்களையும் இதே மாதிரி கேட்டுட்டுப் படி."

சனிக்கிழமை முழுக்க அவள் மறுபடியும் முப்பத்து மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் தேடிப் போனாள். இந்தத் தடவை ஒரே கேள்விதான்: நீ சொன்னதை உன் வீட்டில் காட்டலாமா? நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். ஏன் என்று கேட்காமல் அந்த நான்கையும் பையின் அடியில் தனியாக வைத்தாள். பீரோக்காரி "காட்டுங்க, ஆனா எந்த பீரோன்னு சொல்லாதீங்க" என்றாள். அந்த வீட்டில் இருந்ததே ஒரு பீரோ. பேக்கரிக்காரரின் மகள், ஏற்கனவே வசவு வாங்கிவிட்டேன், இனி வாங்க என்ன இருக்கிறது என்று தோளைக் குலுக்கினாள். கண்டக்டர் பையனிடம் கடைசியாகத்தான் போனாள். முதலில் மன்னிப்புக் கேட்டாள். அவன் செருப்பால் மண்ணைக் கிளறினான்.

"இனிமே கேட்டு என்ன? எல்லாருக்கும்தான் தெரிஞ்சுபோச்சே." பிறகு நிமிர்ந்தான். "அப்பா படிச்ச மாதிரி சிரிச்சுக்கிட்டுப் படிக்கக் கூடாது. எண்பத்தி ரெண்டு எடுத்தேன்கறதையும் சேத்துப் படிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழ்த்தளத்துப் பொதுக்கூடத்தில் கூட்டம். முன்வரிசை நாற்காலிகளில் குடும்பத் தலைவர்கள், பின்னால் பெண்கள், சுவரோரமாகப் பிள்ளைகள் தொத்திக்கொண்டு நின்றார்கள். இன்ஜினியர் இரண்டு வரைபடத்தையும் பலகையில் குத்தி வைத்திருந்தார். மேற்பார்வையாளர் கையை நீட்டினார். "படிவம்?"

"ஒண்ணு தயாரா இருக்கு சார். மத்ததுக்கு இங்கயே கையெழுத்து வாங்கிக்கறேன்."

"என்ன தைரியம் பாரு" என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். பேக்கரிக்காரர் எழுந்தே விட்டார். "எங்க பிள்ளைங்க வாயைக் கிளறி எங்க வீட்டு விஷயத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவர்றீங்களே, உங்க வீட்டு விஷயத்தைக் கொண்டுவருவீங்களா?"

"அதுக்குத்தான் வந்திருக்கேன். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கேள்விக்காரி படிவத்தைப் பிரித்தாள்.

"முப்பத்து நாலாம் வீடு. குடும்பத் தலைவர், நான். பதில் என்னுதில்லை. கேள்வி ஏழு, பிடித்த இடம். 'அம்மா வேலைக்குப் போன பிறகு எல்லா இடமும். அம்மா வந்த பிறகு எதுவும் இல்லை.'"

பின்வரிசையில் ஒரு பெண் 'ஐயோ' என்றாள்.

"கேள்வி எட்டு, மாற்ற வேண்டியது. 'என் பெட்டிக்கு ஒரு சாவி என்னிடம் இருக்கிறது. இன்னொன்று அம்மாவிடம் இருக்கிறது. அது எனக்குத் தெரியாது என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.' கேள்வி பதினொண்ணு, போதிய இடம் உள்ளதா? 'நாங்கள் இரண்டு பேர்தான். இடம் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் இருந்தாலும் அம்மாவின் கண் கூடவே இருக்கிறது. சித்தி வீட்டில் இடமில்லாமல் வளர்ந்த கதையை அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும், ஒரு கதவு இருந்தால் சாத்திக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றும்.' கேள்வி பதினாலு, வரைபடம். ஆ."

யாரும் சிரிக்கவில்லை. பேக்கரிக்காரர் மெதுவாகக் கேட்டார், அவர் குரலில் இப்போது குத்தல் இல்லை. "இதெல்லாம் உண்மையாம்மா?"

"உண்மை. ஒரு வரிகூடப் பொய்யில்லை. படிச்சப்ப எனக்கும் பத்திக்கிட்டுத்தான் வந்துச்சு. நான் சோறு போட்டேன், துணி வாங்கிக் குடுத்தேன், படிக்க வச்சேன். நீங்களும்தான் போட்டீங்க, வாங்கிக் குடுத்தீங்க. நல்லா இருக்கியான்னு கேக்கலை. கேட்டா பதில் சொல்லிடுவாங்கன்னு பயம் நமக்கு." நூலில் தொங்கிய பேனாவை எடுத்து, எல்லோர் கண் முன்னாலும் தன் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். "நான் போட்டுட்டேன். காட்டலாம்னு பிள்ளைங்க சொன்ன படிவம் மட்டும்தான் இங்க இருக்கு. அவங்கவங்க வீட்டுதை வாங்கிப் படிங்க. போடறதும் போடாததும் உங்க இஷ்டம். ஆனா யாராவது இதைப் படிச்சுட்டு வீட்ல போய்ப் பிள்ளையைக் கைநீட்டினா, நான் அந்த வீட்டு வாசல்ல வந்து நிப்பேன். நான் நின்னா எப்படி நிப்பேன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும்.

முதலில் எழுந்தது பேக்கரிக்காரர். படிவத்தை வாங்கிக்கொண்டு நேராகச் சுவரோரம் போய் மகள் முன்னால் நின்றார். "இதை நீ சொன்னியா?"

பெண்ணுக்குக் கன்னம் இரண்டும் சிவந்துவிட்டது. "சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

"அந்த சோபாவை எவ்வளவு ஆசையா வாங்கினேன் தெரியுமா?"

"தெரியும்ப்பா. நீங்களே ஒரு நாளும் அதுல உக்காந்ததில்லை."

அவர் சுவரிலேயே படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கண்டக்டரை அவர் மனைவி எழுப்பிவிட்டாள், "பாடிப் பாடித் தொண்டை கட்டிக்கிச்சு. இதுல கையெழுத்தைப் போட்டுட்டு, வீட்டுக்கு வந்து அந்தத் தாழ்ப்பாளைப் போடுங்க" என்று அவள் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. கண்டக்டர் தாழ்ப்பாள் வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். "ஒரு எழுத்துக்கூட அடிக்க மாட்டேன், மார்க்கும் சேத்துத்தான் இருக்கும்" என்றாள் கேள்விக்காரி. போட்டார். ஒன்பது பேர் போடவே மாட்டோம் என்று எழுந்து போனார்கள், அதில் ஒருவர் நாற்காலியை உதைத்துவிட்டுப் போனார். நான்கு படிவம் பையை விட்டு வெளியே வரவே இல்லை. மிச்சம் இருபத்தொன்று.

இன்ஜினியர் எண்ணிப் பார்த்தார். "பாதிக்கு மேல இருக்கு. இந்தக் கட்டடத்துக்கு ஆ." 'அ' வரைபடத்தைப் பலகையிலிருந்து உருவிச் சுருட்டிவிட்டார். சுவரோரம் பெரிய கூச்சல் கிளம்பியது.

மேற்பார்வையாளர் மட்டும் சட்டப்படி வேலையை முடிக்கிறவர். அந்தக் கூச்சலிலும் ஒவ்வொரு படிவமாக, பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கேள்விக்காரியின் படிவம் வந்ததும் நிறுத்தினார். "கடைசிக் கேள்விக்கும் பதில் எழுதியிருக்கு. நீங்க படிக்கலையே?"

"அது வேணாம் சார்" என்றாள். அதைப் படித்தால் குரல் உடைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். நாலு பேருக்கு முன்னால் அழுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"கூட்டத்துல படிச்சா முழுசாப் படிக்கணும்மா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்க் குழாய்ப் பழுதைப் படிக்கிற அதே வறட்டுக் குரலில் அவரே படித்தார். "கேள்வி இருபத்திரண்டு. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? பதில். 'இவ்வளவு குறை சொல்வதால் எனக்கு வீடு பிடிக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பிடிக்காத வீடாக இருந்தால் நான் ஏன் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதப்போகிறேன்? எல்லோரும் இதை அம்மா வீடு என்கிறார்கள். இது என் வீடும்தான். அதனால் குறை சொல்வேன். நாளைக்கும் சொல்வேன்.'"

கேள்விக்காரி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் படிவத்தை மடித்து மற்றதோடு சேர்க்கப் போனார்.

"சார்" என்று சுவரோரமிருந்து குரல் வந்தது. மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். "அதுக்குக் கீழ இன்னும் ஒண்ணு இருக்கு. யார் பதில் சொன்னதுன்னு. அதையும் படிங்க."

அவர் கேள்விக்காரியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் படிவத்தைப் பிரித்தார்.

"பதிலளித்தவர்: மகள். வயது பதினைந்து."